மனம் ஆற ஒரு பலகை: டெக்ஸ்சர் அரூப ஓவியம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறேழு பேர் கூடிப் பலகையில் பசை பூசுகிறோம். துக்கம், நோய், மணமுறிவு, வேலை போனது என்று ஒவ்வொருவரும் வந்த காரணம் வேறு. புதிதாக வருகிறவர்களும் தொலைவில் இருந்து எழுதிக் கேட்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். நான் மருத்துவர் இல்லை, பயிற்சி பெற்ற கலைச் சிகிச்சையாளரும் இல்லை. என் துக்கத்தோடு சில வருடங்களாகப் பசை பூசிக்கொண்டிருப்பவள். அந்த அளவில் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டெக்ஸ்சர் அரூப ஓவியம் என்றால் என்ன?

மரம், முகம், கோயில் என்று பெயர் சொல்லிக் காட்ட எதுவும் இல்லாத படம் அரூப ஓவியம். நிறமும் கோடும் பரப்பும்தான் அதில் இருக்கும். அந்தப் பரப்பைத் தட்டையாக விடாமல் பசை, மணல், துணி, காகிதம் வைத்து மேடும் பள்ளமுமாக எழுப்பினால் அது டெக்ஸ்சர் ஓவியம். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் கைக்கு ஒரு படம் தெரியும்.

பெயர்தான் புதிது. தஞ்சாவூர் ஓவியத்தில் தங்க ரேக்கு ஒட்டுவதற்கு முன்னால் சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்து 'மக்கு' வைத்து நகைகளையும் தூண்களையும் புடைப்பாக எழுப்புவார்கள். இன்று டப்பாவில் விற்கும் டெக்ஸ்சர் பேஸ்ட்டும் அதே குடும்பம்தான்: ஒரு வெள்ளைத் தூள், அதைப் பிடித்து வைக்க ஒரு பசை. சாணி மெழுகிய மண்சுவரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தவர்களுக்கு விரல்கள் வளைந்து போன தடம் நினைவிருக்கும். மெழுகினவள் யார் என்றுகூடச் சில வீடுகளில் அந்தத் தடத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

நீங்கள் இதற்குள் எப்படி வந்தீர்கள்?

2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் அம்மா போனார். பையில் சுற்றிய உடலைப் பத்தடி தள்ளி நின்று பார்த்தோம். முகம் பார்க்கவில்லை. வாய்க்கரிசி போடவில்லை. எனக்கு அழுகையே வரவில்லை. சமைத்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணங்களுக்குக்கூடப் போய் வந்தேன். தொண்டைக்குக் கீழே ஏதோ அடைத்துக்கொண்டு அப்படியே இருந்தது.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருந்தது. அம்மாவின் அறையில் பட்டி பார்க்க, அதாவது பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கும் வெள்ளைப் பசையைப் பூச, ஒரு பெரியவர் வந்தார். அந்தச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் அம்மா பென்சிலால் பால் கணக்கு எழுதி வைத்திருப்பார். தேதி, அரை லிட்டர், தேதி, அரை லிட்டர். பெரியவர் அந்த இடத்துக்கு வந்ததும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பட்டி பிளேடை என் பக்கம் நீட்டி, "நீங்களே இழுங்கம்மா" என்றார்.

இழுத்தேன். முதல் இழுப்பில் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. இரண்டாவது இழுப்பில் மூடிக்கொண்டது. ஆனால் அழியவில்லை, அடியில் இருக்கிறது என்பது என் கைக்குத் தெரிந்தது. ஒரு வருடமாக வராத அழுகை அங்கே நின்றபடி வந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். அந்த மனிதரின் நாகரிகத்தை நான் மறக்க மாட்டேன்.

மிச்சப் பட்டியை ஒரு குவளையில் வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு பழைய அலமாரிப் பலகை ஒன்றை எடுத்து அதைப் பூசி, துடைப்பத்து ஈர்க்குச்சியால் கீறிக்கொண்டே இருந்தேன். அதுதான் என் முதல் படம்.

எனக்கு வரையவே தெரியாது. செய்யலாமா?

செய்யலாம். வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் முதலில் கொஞ்சம் சிரமம். கை பழக்கத்தில் ஒரு பூவையோ பறவையையோ தேடிப் போகும்.

இது மனதை ஆற்றும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறதா, வெறும் நம்பிக்கையா?

ஆதாரம் இருக்கிறது, அதற்கு எல்லையும் இருக்கிறது. 2016-இல் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 39 பேரை 45 நிமிடம் விருப்பம் போல ஏதாவது செய்யவிட்டார்கள். களிமண், மார்க்கர், ஒட்டுப்படம் எல்லாம் கொடுத்திருந்தார்கள். முன்பும் பின்பும் உமிழ்நீரில் கார்ட்டிசால் எனும் மன அழுத்த ஹார்மோனின் அளவைப் பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எனக்கு இதில் பிடித்ததே அந்தக் கடைசி விஷயம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க, சும்மா உட்கார்ந்திருந்த இன்னொரு குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் இதை ஒரு நல்ல அறிகுறி என்று சொல்லலாம். தீர்ப்பாகச் சொல்ல முடியாது.

2019-இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, நோயைத் தடுப்பதிலும் நோயோடு வாழ்வதிலும் கலைக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. 'கலைச் சிகிச்சை' என்ற சொல் அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. இங்கிலாந்து ஓவியர் ஏட்ரியன் ஹில் காசநோய் சானடோரியத்தில் படுத்திருந்தபோது வரைந்து வரைந்து தன்னைத் தேற்றிக்கொண்டார், பிறகு மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார். 1942-இல் அந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான்.

பென்சில், வாட்டர்கலர் எல்லாம் இருக்கும்போது ஏன் பசையும் மணலும்?

அவற்றாலும் பலன் உண்டு. ஆனால் துக்கத்தில் இருக்கிறவர்களுக்குப் பசை ஒத்துவருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்று நினைக்கிறேன்.

பசை கையை எதிர்க்கும். பென்சில் வழுக்கிக்கொண்டு ஓடிவிடும், மனதும் அதோடு சேர்ந்து வேறெங்கோ ஓடும். கெட்டியான பசையைத் தள்ளுவதற்குத் தோளில் இருந்து பலம் வேண்டும். அப்போது உடம்பு இங்கே இருந்தாக வேண்டும். நம் மூளையில் தொடு உணர்வுக்கான பகுதியில் கைக்கும் விரல்களுக்கும் ஒதுக்கப்பட்ட இடம், உடம்பில் அவற்றின் அளவோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது. முதுகு முழுவதற்கும் இல்லாத இடம் விரல்களுக்கு உண்டு. விரல் வேலையாக இருக்கும்போது மனசு கொஞ்சம் அடங்குவதில் ஆச்சரியம் இல்லை. பூ கட்டும்போதும் வடகம் பிழியும்போதும் நம் பாட்டிமார்கள் தங்கள் பெரிய கஷ்டங்களைச் சொல்லி முடித்ததைப் பார்த்திருக்கிறோம்.

இன்னொன்று, பசைக்குப் பொறுமை உண்டு. காய்வதற்குள் வழித்தெடுத்துவிட்டு மறுபடி பூசலாம். காய்ந்த பிறகும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம், சுரண்டலாம், அதன் மேலேயே அடுத்த அடுக்கு போடலாம். 'கெட்டுப்போச்சு' என்ற பேச்சுக்கே இடம் இல்லை. ஒரு தப்பு நடந்துவிட்டால் எல்லாம் போச்சு என்று வருடக்கணக்காக நினைத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு இதைக் கையால் செய்து பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் நேரில் பார்த்திருக்கிறேன். எங்கள் மாடிக்கு வரும் ஒரு அக்கா முதல் நாலு வாரம் பூசுவதும் வழிப்பதுமாகவே இருந்தார். ஐந்தாவது வாரம் ஒரு அடுக்கைக் காயவிட்டார். அன்று மாடியில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை, எல்லோரும் கவனித்தோம்.

வலியில் இருந்து இப்படிப் படைத்த ஓவியர்கள் யாராவது உண்டா?

உண்டு. என் மனதுக்கு மிக நெருக்கமானவர் இத்தாலியின் அல்பெர்த்தோ புர்ரி. 1915-இல் பிறந்தவர், படித்தது மருத்துவம். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் படையில் மருத்துவராக வட ஆப்பிரிக்கா போய், 1943-இல் துனிசியாவில் பிடிபட்டு, அமெரிக்காவின் டெக்சாஸில் ஹெரஃபோர்டு போர்க்கைதி முகாமில் அடைக்கப்பட்டார். அங்கேதான் வரையத் தொடங்கினார். முகாமில் கிடைத்த சாக்குத் துணியில்தான் வரைந்தார். 1946-இல் ஊர் திரும்பியதும் மருத்துவத்தை விட்டுவிட்டார். பிறகு அவர் செய்த புகழ்பெற்ற வரிசையே சாக்குகள்தான்: கிழிந்த சாக்கு, அதில் ஒட்டு, ஒட்டின் மேல் தையல், நடுவில் சிவப்புத் தெரியும் ஓட்டை. பார்த்தவர்கள் எல்லோரும் காயம், கட்டு, தையல் என்றார்கள். புர்ரி அப்படி எந்த விளக்கமும் கொடுக்க மறுத்துவிட்டார். பொருளும் அமைப்பும் மட்டுமே தன் வேலை என்றார். உங்கள் படத்தில் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று யாராவது குடைந்தால் அவரை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்க வேண்டிய கடன் உங்களுக்கு இல்லை.

அவரே பின்னாளில் செய்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இத்தாலியின் சிசிலித் தீவில் ஜிபெல்லினா என்ற ஊர் 1968 ஜனவரி நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. மக்கள் வேறிடத்தில் புது ஊர் கட்டிக் குடியேறினார்கள். 1980-களில் புர்ரி பழைய ஊரின் இடிபாடுகளைத் திரட்டி, அவற்றின் மேல் வெள்ளை சிமென்ட் போட்டு மூடினார். ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைவான கட்டிகள், நடுவே பிளவுகள். அந்தப் பிளவுகள் பெரும்பாலும் பழைய தெருக்கள் போன வழியிலேயே போகின்றன. மலைச்சரிவில் ஒரு பிரம்மாண்டமான வெடித்த களிமண் போல இருக்கும். 1989-இல் நின்றுபோன வேலை, அவர் இறந்து 20 வருடம் கழித்து, 2015-இல்தான் முழுமையானது. இறந்த ஊரை மூடி, அதன் தெருக்களை நடக்கும்படி விட்டுவைத்தார். நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பார்த்த அன்று அம்மாவின் சுவர்தான் ஞாபகம் வந்தது.

ஸ்பெயினின் பார்சலோனாக்காரர் அந்தோனி தாபியெஸ் (1923–2012) இளவயதில் நுரையீரல் நோயால் நீண்ட காலம் படுக்கையில் கிடந்தபோது வரைவதில் மூழ்கியவர். பிறகு பளிங்குத் தூளும் மணலும் கலந்து, கீறலும் வடுவுமாகப் பழைய சுவர்களைப் போன்ற படங்கள் செய்தார். அவர் பெயருக்கே கத்தலான் மொழியில் 'சுவர்கள்' என்று பொருள்.

சென்னையில் இருப்பவர்கள் 1966-இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் தொடங்கிய சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு ஒருமுறை போய்வாருங்கள். ஈஞ்சம்பாக்கத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் இருக்கிறது. படத்தை ஃபோனில் பார்ப்பது வேறு, பக்கவாட்டில் நின்று பரப்பின் மேல் வெளிச்சம் விழுவதைப் பார்ப்பது வேறு.

என்னென்ன வாங்க வேண்டும்? நிறைய செலவாகுமா?

ஆகாது. பலகைதான் முக்கியம். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட் துண்டு, ஒரு அடிக்கு ஒரு அடி போதும். ஃபெவிகால், வெள்ளை அக்ரிலிக் பெயிண்ட், அதோடு பிடித்த இரண்டு நிறம். பெயிண்ட் கடையில் சின்னப் பட்டி பிளேடு கிடைக்கும். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது: பழைய சீப்பு, ஈர்க்குச்சி, தேங்காய் நார், சாக்கு, முட்டை ஓடு, கிழிந்த பருத்திச் சேலை, பேண்டேஜ் துணி, டிஷ்யூ பேப்பர்.

படக்கடையில் விற்கும் கேன்வாஸ் வேண்டாமா என்று கேட்பார்கள். ஆரம்பத்தில் வேண்டாம். அழுத்தினால் கேன்வாஸ் தொய்ந்து கொடுக்கும். மனபாரத்தோடு அழுத்துகிறவருக்கு அடியில் ஏதாவது உறுதியாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே பசை தயாரிப்பது எப்படி?

நான் செய்யும் கணக்கு: வெள்ளைத் தூள் மூன்று பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, வெள்ளை அக்ரிலிக் ஒரு பங்கு. தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத்தான் சேர்க்க வேண்டும். இட்லி மாவை விடக் கெட்டியாக, பிளேடில் எடுத்தால் விழாமல் நிற்க வேண்டும்.

வெள்ளைத் தூளுக்கு டால்கம் பவுடர், சாக்பீஸ் தூள், கோலப்பொடி எதுவும் ஆகும். கோலப்பொடி என்றால் கல்மாவாக இருக்க வேண்டும். அரிசிமாவு கலந்ததைப் போட்டால் எறும்பு வரும், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். என் இரண்டாவது படம் அப்படித்தான் கார்த்திகை மாதத்தில் பச்சை பிடித்துப் போனது. கடல் மணல் ஆசைப்பட்டு எடுத்து வருகிறவர்கள் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, நன்றாகக் காயவைத்துச் சலித்துப் போடுங்கள். உப்பு இருந்தால் ஈரம் இழுத்து, வெள்ளை வெள்ளையாகப் பூத்துக்கொண்டு வரும்.

இதைக் கட்டாயம் கேளுங்கள். கல்மாவோ சிமென்ட் பட்டியோ தூளாகக் கலக்கும்போது மாஸ்க் போட வேண்டும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. காய்ந்ததை உப்புத்தாள் போடும்போதும் அப்படித்தான். லேசாக ஈரப்படுத்தித் தேய்த்தால் தூள் பறக்காது. வெள்ளை சிமென்ட் கலந்த பட்டியை வெறுங்கையால் தொடாதீர்கள், தோலை அரித்துவிடும். விரலால் பூச ஆசை இருந்தால் மேலே சொன்ன ஃபெவிகால் பசையையே பயன்படுத்துங்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடாகும், அதற்குள் கையைப் புதைத்து அச்சு எடுக்கும் விளையாட்டே வேண்டாம். கை கழுவும் தண்ணீரை வாளியில் பிடித்து, தெளியவைத்து, அடியில் தங்கியதைக் குப்பையில் போடுங்கள். சிங்கில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் என்ன செய்ய வேண்டும்?

தரையில் பழைய செய்தித்தாள் விரித்து, அதன் மேல் பலகையை வையுங்கள். ஃபோனை வேறு அறையில் வைத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் முதல் நாளில் வேண்டாம்.

வெறும் பலகையில் பென்சிலால் எழுதுங்கள். யாருக்குச் சொல்ல முடியவில்லையோ அவருக்கு, எதைச் சொல்ல முடியவில்லையோ அதை. ஒரு பெயராக இருக்கலாம், ஒரு தேதியாக இருக்கலாம், பால் கணக்காகக்கூட இருக்கலாம். எழுத்துப் பிழை, கையெழுத்து, வாக்கியம் எதையும் பார்க்க வேண்டாம். யாரும் படிக்கப் போவதில்லை. எழுத வரவில்லை என்றால் கோடுகளாகக் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

பிறகு பசையை ஒரு ஓரத்தில் இருந்து இழுத்து மூடுங்கள். மெதுவாக. எழுத்து மங்குவதைப் பாருங்கள். முழுவதும் மூட மனம் வராவிட்டால் ஒரு மூலையை விட்டுவிடுங்கள், பலர் விடுவார்கள். ஈரம் இருக்கும்போதே சீப்பு, ஈர்க்குச்சி, விரல், சாக்கு என்று எது கைக்கு வருகிறதோ அதால் அழுத்துங்கள், கீறுங்கள், ஒற்றுங்கள். இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 'என் துக்கத்தை வெளிப்படுத்தப் போகிறேன்' என்று உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தால் கை நடிக்க ஆரம்பித்துவிடும். பசை எங்கே கெட்டியாக இருக்கிறது, சீப்பு இழுத்தால் ஓரம் எப்படிச் சுருள்கிறது என்று பொருளையே பாருங்கள். மற்றது தானாக வரும், அல்லது அன்றைக்கு வராது. இரண்டும் சரிதான்.

கால் அங்குலத்துக்கு மேல் ஒரே தடவையில் போடாமல் ஒரு முழு நாள் காயவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்தக் காத்திருப்பும் இதில் ஒரு பகுதி. காலையில் எழுந்ததும் 'காய்ந்திருக்குமா' என்று போய்த் தொட்டுப் பார்ப்பீர்கள். எழுந்திருக்கவே காரணம் இல்லாமல் இருந்த நாட்களில் எனக்கு அந்த ஒரு காரணம் போதுமானதாக இருந்தது.

கறுப்பு சோகம், சிவப்பு கோபம் என்கிறார்களே, எந்த நிறம் போடுவது?

அந்தப் பட்டியலை நான் நம்புவதில்லை. நம் ஊரில் சிவப்பு என்றால் குங்குமம், செம்மண், செம்பருத்தி, கூடவே ரத்தமும். ஒரே நிறம் ஒருவருக்குக் கல்யாணம், இன்னொருவருக்கு விபத்து நடந்த சாலை. டப்பாவைத் திறந்ததும் எந்த நிறத்தின் மேல் கை போகிறதோ அதைப் போடுங்கள். சிலர் மூன்று மாதம் வெள்ளை மட்டுமே பூசுவார்கள்.

செய்முறையாக ஒன்று: காய்ந்த மேடு பள்ளத்தின் மேல் தண்ணீராகக் கரைத்த அடர்நிறத்தை ஊற்றி, மேலே மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். நிறம் பள்ளங்களில் தங்கிவிடும். நீங்கள் கீறின ஒவ்வொரு கீறலும் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்கள் மூச்சை இழுத்துக்கொள்ளும் கட்டம் இதுதான்.

பசை காய்ந்ததும் விரிசல் விட்டுவிட்டது. என்ன தப்பு?

தண்ணீர் அதிகம், அல்லது ஒரே தடவையில் கனமாகப் போட்டது, அல்லது வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தது. மேல்பரப்பு முதலில் காய்ந்து சுருங்கும், உள்ளே இன்னும் ஈரம் இருக்கும், அந்த இழுபறியில் வெடிக்கும். ஃபெவிகாலைக் கொஞ்சம் கூட்டினால் குறையும். விரிசல் விட்ட துண்டு ஆடினால் மட்டும் ஒட்டவையுங்கள். ஆடாத விரிசலை விட்டுவிட்டு ஒரு வாரம் பாருங்கள், பெரும்பாலும் அதை மூட மனம் வராது.

செய்யும்போது அழுகை வந்துவிட்டால்?

அழுங்கள். பிளேடைக் கீழே வைத்துவிட்டு அழுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் உடனே முதுகைத் தட்டி "அழாதே" என்று சொல்ல வேண்டாம். எங்கள் மாடியில் ஒரு தம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவரவர் பலகைக்குத் திரும்பிவிடுவோம். அந்தப் பெரியவரிடம் நான் கற்றது அது.

ஆனால் எச்சரிக்கை ஒன்று உண்டு. அழுது முடித்ததும் கொஞ்சம் லேசாக இருந்தால் நல்லது. அதற்கு மாறாக மூச்சு முட்டுவது, நடந்த சம்பவம் கண் முன்னால் மறுபடி நடப்பது போல் ஆவது, நாம் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் போவது, இவை நடந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். பாதத்தைத் தரையில் நன்றாக ஊன்றி, சுற்றி இருக்கும் பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். இது மறுபடியும் நடந்தால் தனியாகத் தொடர வேண்டாம். துணையோடு, பயிற்சி பெற்றவர் ஒருவரின் கவனிப்பில் செய்ய வேண்டிய கட்டம் அது.

இதைச் செய்தால் மருந்தை நிறுத்திவிடலாமா?

கூடாது. டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை டாக்டர் சொல்லாமல் நிறுத்தவே கூடாது. மனச்சோர்வுக்கான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பும் மனசும் படாத பாடு படும். பசை பூசுவது சிகிச்சைக்குத் துணை. சிகிச்சையின் இடத்தில் அதை வைக்க முடியாது. நானும் ஒன்றரை வருடம் மாத்திரை சாப்பிட்டேன். பலகை, மாத்திரை, ஒரு நல்ல ஆலோசகர் என மூன்றும் சேர்ந்துதான் என்னைத் தூக்கிவிட்டன. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை, உங்களுக்கும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் உடனே யாரிடமாவது சொல்லுங்கள். இந்தியாவில் டெலி-மானஸ் உதவி எண் 14416. எந்த நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழிலும் பேசலாம்.

வீட்டில் 'சுவத்துக்குப் பூசுறத பலகைல பூசுறா' என்கிறார்கள். யாரிடம் காட்டுவது?

ஆரம்பத்தில் யாரிடமும் காட்டாதீர்கள். "என்ன இது?" என்ற ஒரு கேள்வி போதும், ஒரு மாத வேலையின் மேல் தண்ணீர் ஊற்றின மாதிரி ஆகிவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, உருவம் தேடிப் பழகிய கண். பலகையைக் கட்டிலுக்கு அடியில் வையுங்கள், பீரோவுக்குப் பின்னால் வையுங்கள். எப்போதாவது ஒருவர் கேள்வி கேட்காமல் கையை நீட்டி, "தொட்டுப் பாக்கலாமா?" என்பார். அவருக்குக் காட்டுங்கள்.

விற்கலாமா?

விற்கலாம், வீட்டு அலங்காரத்துக்கு இப்போது நல்ல கிராக்கியும் இருக்கிறது. ஆனால் துக்கத்தில் செய்ததை முதல் ஒரு வருடம் விற்காதீர்கள். வாங்குகிறவர் சோபாவின் நிறத்துக்கு ஒத்துவருமா என்று பார்ப்பார். அதைத் தாங்கும் பலம் வந்த பிறகு யோசிக்கலாம்.

வயதானவர்கள், பார்வை குறைந்தவர்கள் செய்யலாமா?

மிக நன்றாகச் செய்வார்கள். எங்கள் குழுவில் கண்புரை முற்றிய ஒரு தாத்தா இருந்தார். தேங்காய் நாரையும் மணலையும் விரலாலேயே பிரித்து வைத்துச் செய்வார். அறுவை சிகிச்சை முடிந்து பார்வை வந்த பிறகு தன் படங்களைப் பார்த்துவிட்டு, "கைக்கு இன்னும் நல்லா இருந்துச்சே" என்றார். மூட்டுவலி உள்ளவர்களுக்குப் பசையைக் கொஞ்சம் தளர்வாகக் கலந்து, பிளேடின் பிடியில் துணி சுற்றிக் கொடுங்கள். குழந்தைகள் செய்யும்போது மைதா, உப்பு, தண்ணீர் பிசைந்த மாவு போதும். பெரியவர்கள் கூட இருக்க வேண்டும்.

ஒரு படம் முடிந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

எனக்கு ஒரு அடையாளம் உண்டு. பலகையைத் தாண்டிப் போகும்போது கை தானாக அதைத் தொடும், ஆனால் பிளேடை எடுக்கத் தோன்றாது. சில படங்களுக்கு அது ஒரு வாரத்தில் வரும். சிலவற்றுக்கு வருவதே இல்லை.

என் முதல் பலகை இன்னும் முடியவில்லை. அந்த அலமாரிப் பலகையில் இதுவரை ஒன்பது அடுக்கு ஏறியிருக்கிறது. எல்லாவற்றுக்கும் அடியில் அன்றைக்குப் பூசின மிச்சப் பட்டி. மூன்றாவது அடுக்கில் அம்மாவின் சுங்குடிச் சேலையில் இருந்து கிழித்த ஒரு துண்டு புதைந்திருக்கிறது. அதன் நூல் ஒன்று மட்டும் வலது ஓரத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு வருடமும் மே மாதத்தில் ஒரு அடுக்காவது போடுகிறேன். நூலைச் சுற்றிப் பூசுவேன், மூடுவதில்லை.